பத்து ரூவா வண்டியும் முப்பது ரூவா பேரும்

ஏல பேராண்டி, காலங்காத்தால ரயில்வேக்காரன வையாதல. சாப்பாட்டுப் பொட்டியக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு, வண்டி எங்கன நிக்குன்னு செல்போனப் பாத்துப் பாத்து நீ பல்லக் கடிக்கத நெனச்சா எனக்கே பாவமாத்தான் இருக்கு. ஆனா நீ போடுத சண்டை தப்பான சண்டை. "கட்டணத்த ஏத்திட்டான், வண்டியக் கெடுத்துட்டான்"ங்க. அவன் எங்கல ஏத்துனான்? பேரத்தான மாத்துனான்! இது ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாமத்தான் நீ பி.காம். முடிச்சிருக்க.

இங்ஙன திண்ணையில உக்காரு. வண்டி வர இன்னும் நேரங் கெடக்கு, அது எனக்கு முன்னாடி ஒனக்கே தெரியும்.

நம்ம திருநெல்வேலி, செங்கோட்டைத் தடம் லேசுப்பட்டதில்ல. வெள்ளைக்காரன் போட்டது. 1904-லயே மலையக் கொடைஞ்சு கொல்லம் வரைக்கும் வண்டி விட்டுட்டான். நாங்கல்லாம் மீட்டர் கேஜ்ல போன ஆளுக. ஜன்னலோரம் உக்காந்தா கண்ணுல கரித்தூள் விழும், அதக் கசக்கிக்கிட்டேதான் சொக்காரன் வீட்டுக் கல்யாணத்துல போயி எறங்குவோம். 2012-ல அகலப்பாதை ஆக்கி வண்டி விட்டாவ. சந்தோசந்தான். அந்தப் பாசஞ்சர்ல யாரெல்லாம் போவான்னு நெனைக்க? சேரன்மகாதேவில பத்தமடைப் பாய்க்கட்டு ஏறும். கல்லிடைக்குறிச்சில அப்பளக் கூடை ஏறும். பேட்டையில காலேஜ்ப் பிள்ளைக எறங்கும். கைல காசில்லாதவன் நிம்மதியா உக்காந்து போன வண்டில அது.

குறைஞ்ச கட்டணம் 5 ரூவாயா இருந்துச்சு. 2015 நவம்பர்ல அத 10 ரூவா ஆக்குனாவ. ஒரேயடியா ரெட்டிப்புதான். நானும் முணுமுணுத்தேன். ஆனா அது நெஞ்ச நிமித்திக்கிட்டு ஏத்துன ஏத்தம். நேத்து அஞ்சு, இன்னைக்குப் பத்து, இஷ்டமிருந்தா ஏறு. அந்த மாதிரி ஏத்தத்த ஏசலாம், எதுக்கலாம், மந்திரி கொடும்பாவி கொளுத்தலாம். இப்ப உள்ளவன் உங்க தாத்தனவிடப் பெரிய ஆளு.

2020 மார்ச்சுல கொரோனான்னு எல்லா வண்டியையும் நிறுத்துனாவ. சரி, உசுரு முக்கியம். நோய் தணிஞ்சு ஒவ்வொரு வண்டியா திரும்பி வந்துச்சு. பாசஞ்சர் மட்டும் வரல. அதுக்குப் பதிலா, முன்பதிவில்லாத சிறப்பு எக்ஸ்பிரஸ்னு ஒண்ணு வந்து நின்னுச்சு. நம்பருக்கு முன்னால ஒரு முட்டை.

நான் மூக்குக் கண்ணாடியத் தொடச்சுப் போட்டுக்கிட்டு அந்த எக்ஸ்பிரஸ்ஸ அங்குலம் அங்குலமாப் பாத்தேன். அதே நீலப் பொட்டி. அதே கிழிஞ்ச சீட்டு, கிழிசல் வழியா அதே பஞ்சு. எறக்குனா ஏறாத, ஏத்துனா எறங்காத அதே ஜன்னல் ஷட்டர். கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள் இருந்த எடத்துல அதே சணல் கயிறு. எவனோ ஒரு மகராசன் தாங் காதலிச்ச பிள்ளை பேர வாசல் பக்கத்துச் செவத்துல ஆணியால கீறி வச்சிருந்தான். அந்தக் கீறலும் அழியாம அப்படியே இருந்துச்சு. அந்தப் பிள்ளை பேரக்கூட மாத்தாம, வண்டி பேர மட்டும் மாத்திருக்கான்.

எல்லா ஸ்டேஷன்லயும் நின்னுதான் போச்சு. கட்டணம் மட்டும் எங்கயும் நிக்காம 10-லேருந்து நேரா 30-க்குப் போயிட்டு.

நீ அப்பம் காலேஜ்ல இருந்த, ஒனக்கு வலிச்சிருக்காது. நம்ம தெருக் கடைசியில கறிவேப்பிலைக்காரி இருக்காள்லா, அவ அடுத்த ஸ்டேஷன் சந்தைக்குப் போயி வித்துட்டு வருவா. போக பத்து, வர பத்து. எக்ஸ்பிரஸ் ஆனப்பறம் போக முப்பது, வர முப்பது. ஒரு கூடைக் கறிவேப்பிலையில அறுவது ரூவாய ரயிலுக்கே குடுத்துட்டா, அவ கூடையோட எதுக்கு ரயில் ஏறணும்? "அண்ணாச்சி, எக்ஸ்பிரஸ்ல போற அளவுக்கு நான் வசதியாயிட்டேனா?"ன்னு எங்கிட்டயே வந்து கேட்டா. நான் என்னத்தச் சொல்ல? கவர்மெண்டே ஒன்ன வசதியாக்கிட்டு, நீதான் பழைய நெனப்புல திரியுதன்னு சொல்லி அனுப்புனேன்.

இதுலேருந்து நீ ஒரு பாடம் படிக்கணும்ல. இன்னைக்கு ஆபீசுக்குப் போனதும் முதலாளிட்டச் சொல்லு: "ஐயா, இன்னையிலேருந்து நான் சாதாக் கணக்கன் இல்ல, சிறப்பு அதிவிரைவுக் கணக்கன்." வேலை அதே வேலை. வாரது அதே லேட்டு. சம்பளம் மட்டும் மூணு மடங்கு கேளு. ஏன்னு கேட்டா, எம் பேருக்கு முன்னால ஒரு முட்டை போட்டுருக்கேன், பாக்கலையான்னு கேளு. ஒன்னத் தொரத்தி விட்டான்னா, நாட்டுல நியாயம் செத்துப் போச்சுன்னு வந்து எங்கிட்டச் சொல்லு.

சிரிக்காத. 2024 பிப்ரவரிக் கடைசியில பழையபடி 10 ரூவா ஆச்சு. அதுக்கு அடுத்த மாசம் நாடாளுமன்றத் தேர்தல் தேதிய அறிவிச்சாவ. ரெண்டுக்கும் சம்பந்தமே கெடையாது, நீ பாட்டுக்கு முடிச்சுப் போட்டுராத. நம்பருக்கு முன்னால இருந்த முட்டைய எடுக்க இன்னும் பத்து மாசம் போயிட்டு, 2025 ஜனவரியிலதான் பழைய மாதிரி நம்பர் வந்துச்சு. பெயிண்டர் கெடைக்கலையோ என்னமோ.

அன்னைக்கு நீ என்ன செஞ்ச? "தாத்தா, டிக்கெட்டக் கொறச்சுட்டான்!"னு தெருவுல கூவிக்கிட்டு வந்த. கோட்டிப்பயல, யார் பத்து ரூவா அது? ஒன் பத்து ரூவாதானல! வருசக்கணக்கா ஆளுக்கு இருவது ரூவா கூட வாங்குனானே, அத எப்பத் தருவான்னு ஒருத்தங் கேக்கல. எடுத்தத வெச்ச எடத்துல வெச்சவனுக்கு மாலை போடுத ஊர்ல, எவன்தான் எடுக்காம இருப்பான்?

முன்ன இந்த வித்தை தெரியாத மந்திரிமாரு இருந்தாவ, பாவம். 2012 மார்ச்சு மாசம் தினேஷ் திரிவேதின்னு ஒருத்தர் ரயில்வே மந்திரி. சாதா ரெண்டாம் வகுப்புக்குக் கிலோமீட்டருக்கு 2 பைசா ஏத்துதேன்னு நாடாளுமன்றத்துல எந்திரிச்சு நின்னு, நாடே கேக்கும்படியா வாசிச்சாரு. அவரு கட்சித் தலைவி மம்தா பானர்ஜிக்கு வந்துச்சே கோவம்! ஒரு வாரங்கூட ஆகல, மனுசன் ராஜினாமாக் கடுதாசி குடுத்துட்டுப் போயிட்டாரு. அடுத்து வந்தவரு அந்த ஏத்தத்துல முக்கால்வாசிய ரத்துப் பண்ணுனாரு. ரெண்டே ரெண்டு பைசால! ரெண்டு பைசாவுக்கு ஒரு மந்திரி பதவியக் காவு வாங்குன தேசம் இது. நான் டீக்கடையில தினத்தந்திய விரிச்சு வச்சுக்கிட்டு ரெண்டு நாளா இதத்தான் பேசிக்கிட்டிருந்தேன்.

அதுலேருந்து மேல உள்ளவனுக்குப் புத்தி வந்துட்டு. 2014 ஜூன்ல 14.2 சதவீதம்னு ஒரே போடாப் போட்டாவ, ஊரே கத்துச்சு. இனிமே சத்தங் காட்டக் கூடாதுன்னு முடிவு பண்ணிருப்பான் போல. 1924-லேருந்து தனியா வாசிச்சுக்கிட்டிருந்த ரயில்வே பட்ஜெட்ட 2017-ல பொதுப் பட்ஜெட்டோட சேத்துட்டாவ. இப்ப ரேடியோப் பொட்டியச் சுத்தி உக்காந்து, நம்ம ஊருக்கு என்ன, எவ்வளவு ஏத்துனான்னு காத கூராக்க வேண்டியதில்ல. ஒரு நாள் சாயங்காலம் ஒரு சுற்றறிக்கை வரும். நீ தூங்கி எந்திரிச்சா ஏறிருக்கும். 2025-ல மட்டும் ரெண்டு தடவை. ஜூலை 1-ஆம் தேதி ஒண்ணு. டிசம்பர் 26-ஆம் தேதி ஒண்ணு, ஆரோக்கியசாமி தெருவுல கிறிஸ்மஸ் நட்சத்திர விளக்கக்கூட இன்னும் அவுக்கல.

அந்தக் கணக்கு இருக்கே, அதக் கோயில்ல வச்சுக் கும்பிடணும். ஜூலைல, சாதா ரெண்டாம் வகுப்புக்கு 500 கிலோமீட்டர் தாண்டுனாத்தான் கிலோமீட்டருக்கு அரைப் பைசா. 500 கிலோமீட்டருக்குப் பாசஞ்சர்ல போறவன் எவன்ல? அப்படி ஒருத்தன் இருந்தாம்னா அவங்கிட்டக் காசு வாங்கக் கூடாது, பொன்னாடை போத்தணும். டிசம்பர்ல அந்த 500-ஐ 215 ஆக்கி, ஒரு பைசா. மெயில், எக்ஸ்பிரஸ்ல 2 பைசா. பாத்தியா, ஏழை வண்டியில கையே வைக்கலன்னு சொல்லிக்கிடலாம். அந்த ஏழை மெட்ராஸுக்குப் போகணும்னா எக்ஸ்பிரஸ்லதான ஏறியாகணும்? 25 பைசாவும் அதுக்குக் கீழ உள்ள காசும் செல்லாதுன்னு 2011-லயே எடுத்துட்டாவ. கைல இல்லாத பைசாவக் கணக்குல மட்டும் வாங்குதான். அரைப் பைசாவ நான் இந்த ஆயுசுல கண்ணால கண்டதில்ல, நீ கண்டா எனக்கும் காட்டு.

நெல்லையிலேருந்து மெட்ராஸுக்கு ஏறக்குறைய 650 கிலோமீட்டர். ரெண்டு பைசான்னா 13 ரூவா. ஒரு டீக் காசு. இதுக்கு நான் அழ மாட்டேன். கரண்டு வெலை ஏறிருக்கு, சம்பளம் ஏறிருக்கு, அவனும் வண்டி ஓட்டணும். சீசன் டிக்கெட்ட இந்த ரெண்டு ஏத்தத்துலயும் தொடல. அந்தக் காசுக்கு நீ பஸ்ல போனா மாசத்துல பாதி நாளுக்குக் காணாது. இதையெல்லாம் ஒத்துக்கிடணும், வாய்க்கு வந்தபடி பேசக் கூடாது. எனக்கு வயித்தெரிச்சல் அந்த டீக் காசுல இல்ல. 2012-ல ஒரு மந்திரியக் கவுத்த அதே ரெண்டு பைசா, 2025-ல போயிருக்கு, ஒரு நாய்கூடக் கொலைக்கல. அந்தத் தந்திரத்தப் பாரு.

முன்ன டிக்கெட் அடியில பொடி எழுத்துல ஒண்ணு போட்டிருந்தான். "இந்தப் பயணத்துக்கு ஆகுத செலவுல சராசரியா 57 சதவீதத்தத்தான் நாங்க வாங்குதோம்"னு அச்சடிச்சு வச்சிருந்தானே, ஞாபகம் இருக்கா? பந்தியில எல போட்டு உக்கார வச்சுட்டு, ஒவ்வொரு கரண்டிக்கும் "இந்த நெய் என்ன வெலை தெரியுமா?"ன்னு மாப்பிள்ளை வீட்டுக்காரன் காதுல ஓதுனா எப்படி இருக்கும்? அதுவும் மொய் எழுதிட்டு உக்காந்தவங்கிட்ட! சோறு எறங்குமால?

செலவு நூறு ரூவா ஆவுதுன்னு யார் சொன்னா? அவனே சொன்னான். கணக்குப் பாத்தது யார்? அவனேதான். மிச்சத்த எங்கேருந்து எடுக்கான்னு கேட்டா, சரக்கு வண்டியில வார வருமானத்துலேருந்துங்கான். அது பொய்யில்ல, ரயில்வேக்கு ரொம்ப காலமா சோறு போடுதது சரக்குதான். அதனால ஒனக்கு ஒரு யோசனை சொல்லுதேன். நாளையிலேருந்து நீ பயணியாப் போகாத, சரக்காப் போ. ஒன்ன எடை போட்டு ஏத்துவான், பூட்டு வச்சு சீல் வைப்பான், காணாமப் போனா நஷ்ட ஈடு எழுதுவான். ஒரு வேகன்ல எத்தனை டன் ஏத்தலாம்னு அவனுக்கு அளவு உண்டு, அதுக்கு மேல ஏத்துனா அபராதம். ஜெனரல் பெட்டியில எத்தனை ஆளு ஏத்தலாம்ங்க அளவ எவனாவது பாக்குதானா?

புதுப் பெட்டியில நூறு சீட்டு. உள்ள நிக்கதெல்லாம் எண்ணுனா எண்ணிக்கை மறந்துபோகும். கக்கூஸ்க்குள்ள நாலு பேரு, அதுல ஒருத்தன் சாப்பாட்டப் பிரிச்சு வச்சிருப்பான். இருவத்திச் சொச்சம் பெட்டி இருக்க எக்ஸ்பிரஸ்ல ரெண்டு பெட்டிய இவங்களுக்கு ஒதுக்கிட்டு, மிச்சத்துல ஏசிய மாட்டிக்கிட்டே போனாவ. சத்தம் பெருசானப்பறம் 2024-ல, வண்டிக்கு நாலு ஜெனரல் பெட்டி வைக்கோம்னு சொன்னாவ. வச்சிருக்க வண்டியில ஏறிப் பாத்தேன், மூச்சு விட எடம் இருக்கு. நல்லது செஞ்சா நல்லதுன்னு சொல்லணும். ஆனா இங்கயும் பாரு, எடுத்தது முதல்ல, குடுத்தது பொறவு, கை தட்டு கடைசியில.

எம் பங்கு கதையச் சொல்லாம இருந்தா எப்படி? அறுவது தாண்டுன ஆம்பளைக்கு டிக்கெட்ல 40 சதவீதம் கழிவு உண்டு, அம்பத்தெட்டு தாண்டுன பொம்பளைக்குப் பாதிக்குப் பாதி. 2020 மார்ச்சு 20-ஆம் தேதி அத நிறுத்துனாவ. ஏன்னா, வயசானவங்களத்தான் கொரோனா புடிக்கும், அவங்க தேவையில்லாம வெளிய சுத்தக் கூடாதுன்னு எங்க மேல உள்ள பாசத்துல. கொரோனா போயிட்டு. முகக்கவசம் போயிட்டு. எல்லாப் பயலும் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போயிட்டு வந்துட்டான். எங்க கழிவு மட்டும் வரல. அப்படிப் பாத்தா ரயில்வே கணக்குப்படி நான் இன்னும் ஊரடங்குலதான் இருக்கேன். உங்க ஆச்சி டவுன் பஸ்ல ஓசியா ஏறி அம்பாசமுத்திரம் போயி காசிநாதர் கோயில்ல கும்பிட்டுட்டு வாரா. என்னயப் பாத்து, "நீரு பொம்பளையாப் பொறந்திருக்கலாம்"ங்கா. ரயில்ல அவளுக்கும் முழு டிக்கெட்டுதாம்னு சொன்னதும் வாய மூடிட்டா. கேட்டா, எல்லாருக்குமே கழிவுல தான ஓட்டுதோம்னு மறுபடியும் அந்தச் சதவீதத்தக் காட்டுதாவ. கழிவுக்குள்ள கழிவு எதுக்குன்னு கேக்கான். வயசுக்குள்ள வயசு ஏறிக்கிட்டே போகுதே, அத நிறுத்தச் சொன்னா முடியுமா?

அதிவிரைவு வண்டி கதையச் சொன்னா ஒனக்கு இன்னும் ரத்தம் கொதிக்கும், அதனால பைய கேளு. அகலப்பாதையில சராசரியா மணிக்கு 55 கிலோமீட்டர் போற மாதிரி அட்டவணை போட்டா அது அதிவிரைவு. அதுக்குத் தனியாக் கட்டணம், தூங்குத பெட்டின்னா 30 ரூவா. நம்ம முருகேசன் பேரன் பைக்க எடுத்தா சந்தைக்குள்ளயே 55-ல போவான், அவனுக்கு போலீசுக்காரன் அபராதம் போடுதான்; இங்க அதே வேகத்துக்கு நம்மட்ட அபராதம் வாங்குதான். சரி, வாங்கிட்டுப் போ. வண்டி ரெண்டு மணி நேரம் லேட்டாப் போச்சுன்னா அந்த 30 ரூவாயத் திருப்பித் தருவியான்னு கேட்டா, அது வேகத்துக்குக் காசில்ல, பேருக்குக் காசு. கணக்குத் தணிக்கைக்காரங்களே ஒரு அறிக்கையில இதத் தோண்டி எடுத்துக் கேட்டுட்டாவ. கேட்டவங்க கேட்டாவ, வாங்குனவங்க வாங்கிக்கிட்டே இருக்காவ.

பெறகு வந்தே பாரத். பெரம்பூர்ல நம்ம ஆளுக கையால செஞ்ச வண்டி, அதுல எனக்குப் பெருமை உண்டு, சும்மா சொல்லக் கூடாது. நெல்லையிலேருந்து மெட்ராஸுக்கு 2023 செப்டம்பர் 24-ஆம் தேதி விட்டாவ. தொவக்க நாள்ல நீ வெள்ளச் சட்டை போட்டு, கொடி புடிச்சு, அது மூக்கு முன்னால நின்னு செல்பி எடுத்துப் போட்ட. நான் ஒண்ணும் சொல்லல. ஆனா ராசா போகும்போது குடியானவன் ஓரமா நிக்கணும்லா? ஒசந்த வண்டி போறதுக்கு வழி விட்டு, சாதா வண்டி ஒதுங்கித்தான் நிக்கும். ஒத்தைத் தடமா இருந்தா கேக்கவே வேண்டாம், எதுத்து வாரவன் எல்லாரும் ஒனக்குப் பெரியவன். ஒன்னோட வண்டி அவுட்டர் சிக்னல்ல நிக்கும்போது இனிமே ஏசாத. "எவனோ ஒருத்தன் ஏசியில சீக்கிரமாப் போறதுக்கு நான் என் ஆயுசுல அரைமணி நேரம் தானம் பண்ணுதேன்"னு நெனைச்சுக்கோ. புண்ணியம். போன வாரம் அந்தப் புண்ணியத்துல ஒனக்கு அரைநாள் சம்பளம் புடிச்சானே, அதையும் தானக் கணக்குல எழுதிக்கோ.

மெட்ராஸ்லயும் இதே கூத்துதான். பீச்சிலேருந்து செங்கல்பட்டு வரைக்கும் 2025 ஏப்ரல்ல ஏசி மின்சார ரயில் விட்டாவ, குறைஞ்ச கட்டணம் 35 ரூவா. பக்கத்துல சாதா மின்சார ரயிலுக்கு 5 ரூவா. வேணுங்கவன் ஏசியில போகட்டும், அதுல தப்பே கெடையாது. வேர்வையில நிக்கவன் வண்டி எண்ணிக்கை கொறையாம இருக்கான்னு மட்டும் உங்க அத்தை மகன் அங்கதான இருக்கான், அவன எண்ணச் சொல்லு.

டிக்கெட் எடுக்கத எடத்துக்கு வருவோம். கவுண்டர்ல ஒத்தை ஆளு இருக்கான், வரிசை புளியமரம் வரைக்கும் நிக்குன்னு நீ செல்போன்ல எடுக்கப் போன. நேத்து நான் பின்னாலயே நின்னு பாத்தேம்ல. ஸ்டேஷனுக்குள்ள நின்னு அமுக்குத, அது தர மாட்டேங்கு. நீ ஸ்டேஷன ஒட்டி நிக்க, தள்ளிப் போங்குது. நீ சைக்கிள் ஸ்டாண்டு வரைக்கும் போன, அப்பவும் தள்ளிப் போங்குது. கடைசியில தெருமுக்குல சலூன் வாசல்ல நின்னு, ஒத்தைக் கையத் தூக்கிச் சிக்னல் புடிச்சு டிக்கெட் எடுத்த. அதுக்குள்ள வண்டி வந்துட்டு. நீ சாரத்த மடிச்சுக் கட்டாத கொறையா ஓடி வந்து ஏறுன. செவத்துல கட்டம் கட்டமா ஒரு படம் ஒட்டி வச்சிருக்கான்லா, அதக் காட்டுனா உள்ள நின்னே எடுக்கலாமாம். அத நான் சொல்ல வந்தேன். நீ ஓடுததப் பாக்க நல்லா இருந்துச்சு, சொல்லல.

தீபாவளிக்கு மெட்ராஸ்லேருந்து உங்க சித்தப்பன் வரணும்னு டிக்கெட் போட்டீயளே, என்னாச்சு? காத்திருப்போர் பட்டியல். முன்ன நாலு மாசத்துக்கு முந்தியே போடலாம். 2024 நவம்பர்லேருந்து அறுவது நாளுன்னு ஆக்கிட்டாவ. அறுவதாம் நாள் காலையில எட்டு மணிக்கு அமுக்குனான், எட்டு மணி ஒரு நிமிசத்துல காத்திருப்போர் பட்டியல். எடம் கெடைக்கல. அவன் ஏறல, ஒக்காரல, ஒரு சொட்டுத் தண்ணி கூட ரயில்ல குடிக்கல. ஆனா ஆளுக்கு 60 ரூவா புடிச்சுக்கிட்டுத்தான் மிச்சத்தத் தந்தான். எழுத்துக் கூலியாம்! ஒனக்கு எடமில்லன்னு எழுதுததுக்கு ஒங்கிட்டயே கூலி. இப்படி ஒரு தொழிலு இருக்குன்னு தெரிஞ்சிருந்தா நான் ஏன்ல வயக்காட்டுல கெடந்து மாடு மேய்ச்சேன்? வாசல்ல ஒரு நாற்காலியப் போட்டு உக்காந்து, வாரவன் போறவனுக்கெல்லாம் எடமில்லன்னு எழுதிக் குடுத்திருக்க மாட்டேனா!

இன்னா, மணி அடிச்சுட்டு. நீ அந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு, "அப்ப என்னதான் தாத்தா செய்யச் சொல்லுதிய?"ன்னு கேக்க வாரது தெரியுது.

ஞாயித்துக்கெழமை பயணிகள் சங்கத்துக்காரங்க மனு எழுதுதாவளாம், வந்து ஒக்காரச் சொன்னாவ. நீ கிரிக்கெட் இருக்குன்னுட்ட. இந்த தடவை போ. அந்தப் பாசஞ்சர் பத்து ரூவாய்க்குத் திரும்புனது தேர்தலால மட்டும் இல்லல. இப்படி நாலு கெழடுக மூணு வருசமா தபால் தலைக்குச் செலவழிச்சு மனு போட்டதும், எம்.பி.மாரு வாசல்ல போயி நின்னதுந்தான். ஆனா மனுவுல "கருணை கூர்ந்து கட்டணத்தக் கொறைக்கவும்"னு எழுதாத. கருணைன்னு எழுதுனா, 57 சதவீதம்னு பதில் எழுதுவான். மூணே மூணு கேள்வி எழுது. இந்த வண்டி எந்தெந்த ஊர்ல நிக்கும்? எவ்வளவு வேகத்துல போவும்? அதுல முன்பதிவில்லாத பெட்டி எத்தனை? மூணுக்கும் பதில் எழுதிட்டு, அதுக்கு மேல அதுக்கு என்ன பேரு வேணும்னாலும் வச்சுக்கோ, என்ன காசு வேணும்னாலும் நியாயமா வாங்கிக்கோன்னு எழுது. தமிழ்லயும் எழுது, இங்கிலீஷ்லயும் எழுது, அவன் இந்தியில பதில் போட்டா அதையும் பத்திரமா எடுத்து வை.

எங் கையெழுத்தும் உண்டு. வயசு போடுத எடத்துல எழுவத்தி நாலுன்னே போடு, கீழ்ப்படுக்கையாவது தரட்டும். மொதக் கையெழுத்து எனக்கு வேண்டாம், கறிவேப்பிலைக்காரிட்ட வாங்கு. அவளுக்கு எழுதத் தெரியாது, கைநாட்டுத்தான். மை பாட்டில் அலமாரியில இருக்கு, காஞ்சு போயிருந்தா ரெண்டு சொட்டுத் தண்ணி விட்டுக் கலக்கிக்கோ. ஓடு, வண்டி வந்துட்டு!